முனை கிடைக்கிறவரை

அமெரிக்கர்கள் பழைய கருவியைப் பூப்போல வைத்துக் காக்கிறார்கள், கேரளத் தெற்கெல்லையில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆட்களோ எல்லாவற்றையும் ஆக்கர் (பழைய சாமான்) கடைக்குத் தூக்கிப் போடுகிறார்கள் என்று ஊரிலிருப்பவர்களே குறைப்பட்டுக்கொள்கிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அதில் பாதிதான் உண்மை. அமெரிக்காவில் பழைய கருவி பிழைத்துக் கிடப்பது உதிரி கிடைப்பதால். அதற்கு 'யாங்கி' திருப்புளியே சாட்சி.

பிலடெல்ஃபியாவின் நார்த் பிரதர்ஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து செய்த இந்தத் திருப்புளியைவிடப் புத்திசாலித்தனமான கைக்கருவி அந்த நாட்டில் வேறில்லை என்பேன். தண்டில் வலப்புறமாகவும் இடப்புறமாகவும் சுழலும் இரண்டு காடிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. பிடியை அழுத்தினால் போதும், முனை சுழன்று திருகாணி இறங்கும். கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சிறு பொத்தான்: ஒரு கோடியில் முடுக்கும், மறு கோடியில் கழற்றும், நடுவில் வைத்தால் சாதாரணத் திருப்புளி. 130ஏ போன்ற மாடல்களில் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் பிடியைத் தானே பின்னுக்குத் தள்ளும். 1946இல் ஸ்டான்லி கம்பெனி நார்த் பிரதர்ஸை வாங்கியபோதும் யாங்கி என்ற பெயர் நீடித்தது. 130ஏ கேட்கும் 9/32 அங்குல முனைகள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. கால் அங்குல அறுகோண முனையை மாட்டும் இணைப்பானும் கிடைக்கிறது. ஆகவே பாட்டன் காலத்துக் கருவியில் இன்றைய நட்சத்திர முனையும் ஓடும். இதைச் சேகரித்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இறுகிப்போன கிரீஸைக் கழுவி, இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, வேலை வாங்குவதே அதற்குச் செய்யும் மரியாதை.

பேட்டரி மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான். அயனி, தேக்கு போன்ற கெட்டி மரத்தில் நீளத் திருகாணி இறக்க யாங்கி திணறும். முதலில் துளை போட்டாக வேண்டும். நாள் முழுக்கத் திருகாணி அடிக்கிறவருக்கு மெஷின்தான் தோது. கீல், தாழ்ப்பாள் வேலைக்கு யாங்கி தாராளம். மெஷினின் குறை அதன் பேட்டரியில் இருக்கிறது. ஒரு கம்பெனியின் பேட்டரி பெரும்பாலும் இன்னொரு கம்பெனியின் மெஷினில் ஏறாது. அந்த வகைப் பேட்டரியை நிறுத்திவிட்டால், மோட்டார் நன்றாக இருந்தும் மெஷின் செத்ததுதான்.

நம் ஊர்க்காரருக்கு அருமை தெரியாது என்ற பழி இங்கேதான் பொய்யாகிறது. உளிப்பிடி உடைந்தால் ஆசாரியே புதுப்பிடி செதுக்குவார். வாய் போனால் கொல்லனிடம் கொடுத்துக் காய்ச்சித் தட்டி வாங்குவார். மாநில எல்லைக்கு இரு பக்கமும் இதே வழக்கம்தான். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தச்சு வேலையை அந்த எல்லை பிரிக்கவில்லை. தமிழ்நாட்டு மண்ணில் நின்று கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலை இரு பக்கத்து ஆசாரிமாருக்கும் பொதுப் பெருமை. சரிசெய்ய முடிந்ததை எறியும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. சரிசெய்ய விடாமல் செய்து விற்ற பொருள்தான் ஆக்கர் கடைக்குப் போகிறது.

பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒன்றிய அரசு 2022இல் குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம் என நான்கு துறைகளை முன்வைத்தார்கள். ஆசாரியின் மின்கருவிக்கு அதில் தனி இடமில்லை. அந்த இடத்தை நாம் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை, மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: பத்து வருஷம் கழித்து இதற்குப் பேட்டரி கிடைக்குமா? பதில் இல்லாத கடையில் வாங்காதீர்கள்.