முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டி கட்டிப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மூட்டைகள் எத்தனை என்பது மட்டும் வண்டிக்காரரின் கணக்கன்று. அவை வண்டியில் எவ்விடத்தில் அமர்ந்துள்ளன என்பதும் அவர் கணக்கில் அடங்கும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்; நுகத்தடி உயர்ந்து பூட்டாங்கயிறு காளைகளின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தாலோ பிடரி நசுங்கும். நுகம் கழுத்தின்மேல் அளவோடு அமருமாறு பாரத்தை வைப்பதே அத்தொழிலின் நுட்பம்.

இதே நுட்பத்தை, முந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைத் திறன் கொண்ட இயந்திரங்களைப் பூட்டிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கர்களும் கற்றாக வேண்டியிருக்கிறது என்பதை நாம் நேரில் கண்டபோது வியந்தோம். அந்நாட்டில் விடுமுறைக்குப் புறப்படுகிறவர்களில் பலர் விடுதி தேடுவதில்லை. வீட்டையே உடன் கொண்டு செல்கிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி யாவும் அடங்கிய சக்கர வீடு அது. டிராவல் டிரெய்லர் என்பது அதன் பெயர். பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியுள்ள பிக்கப் வண்டியின் கொக்கியில் அதைப் பூட்டி இழுத்துச் செல்வார்கள். வாலி பையம் என்பவர் 1936-ஆம் ஆண்டில் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்னும் அலுமினிய டிரெய்லரை வெளியிட்டுப் புகழ்பெற்றார். 1959-இல் அவருடைய குழுவினர் இத்தகைய டிரெய்லர்களோடு கேப்டவுனிலிருந்து புறப்பட்டு ஆப்பிரிக்கக் கண்டத்தின் நெடுக்காகப் பயணம் செய்து மறு ஆண்டில் கெய்ரோவை அடைந்தார்கள்.

நம் மகளும் மருமகனும் டென்வர் நகரில் குடியிருக்கிறார்கள். நாம் அங்குச் சென்றிருந்த கோடையில், பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு வயோமிங் மாநிலத்தின் கிராண்ட் டீட்டன் மலைகளைக் காணச் செல்வதென்று முடிவாயிற்று. மருமகனிடம் பிக்கப் வண்டி ஒன்றிருந்தது. அது 9,000 பவுண்டு வரை இழுக்க வல்லது என்று விளம்பரக் கையேட்டில் அச்சாகியிருந்தது. ஆகவே, பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில்கள் உள்ள, முழுப் பாரத்தோடு 7,000 பவுண்டு வரக்கூடிய டிரெய்லர் ஒன்றை அவர் விலை பேசி வைத்திருந்தார். பிள்ளைகளோ மேல் கட்டில் யாருக்கு என்பதில் அப்போதே சண்டையைத் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

அடுத்த வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தார்; முப்பது ஆண்டுகள் நெடுந்தொலைவு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மருமகன் தம் திட்டத்தை விவரித்தபோது அவர் கையேட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிக்கப் வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவோரத்துத் தூணில் ஒட்டியிருந்த மஞ்சள் நிறக் குறிப்பைக் காட்டினார். ஆட்களும் சரக்குமாகச் சேர்ந்து 1,500 பவுண்டைத் தாண்டலாகாது என்று அதில் கண்டிருந்தது.

மருமகன் நம் பக்கம் திரும்பி, “மாமா, 9,000 இழுக்கும் என்று நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கிறது. 7,000 இழுக்காதா?” என்றார். அதை முதியவருக்கு ஆங்கிலத்தில் சொன்னோம். “இழுக்கும், தாங்காது” என்பதே அவருடைய மறுமொழி.

இழுப்பதற்கும் தாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் பொறுமையாக விளக்கினார். டிரெய்லரின் பாரம் முழுவதும் அதன் சொந்தச் சக்கரங்களின்மேல் நிற்பதில்லை. பத்தில் ஒரு பங்கு முதல் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை முன்புறக் கொக்கியின் வழியே பிக்கப் வண்டியின்மேல் அமர வேண்டும். நம் வண்டிக்காரர் ஏர்க்காலில் வைக்கும் முன்பாரம் எதுவோ அதுவே இது. அப்பங்கு பிக்கப்பின் முதுகில் ஏற்றிய சரக்காகவே எண்ணப்படும்.

பிறகு அவர் ஒரு தாளில் கணக்கிட்டார். நாம் ஐவரும் சேர்ந்து ஏறத்தாழ 700 பவுண்டு. சரக்குத் தொட்டியில் வைக்கும் பொருள்கள் 200. கொக்கியும் அதன் இரும்புச் சட்டங்களும் 100. ஆயிரம் போனால் எஞ்சுவது 500. எட்டில் ஒரு பங்கு முன்பாரம் என்று கொண்டால், 7,000 பவுண்டு டிரெய்லர் 875 பவுண்டைப் பிக்கப்பின்மேல் இறக்கும். எஞ்சிய 500 பவுண்டுக்குப் பொருந்துவதோ 4,000 பவுண்டு டிரெய்லர் மட்டுமே. கையேட்டில் ஒன்பதாயிரமாக இருந்த வண்டி, ஒரு குடும்பம் ஏறி அமர்ந்தவுடன் நாலாயிரமாகச் சுருங்கிவிட்டது!

அவ்வாறாயின் கையேடு பொய்யுரைக்கிறதா? இல்லை. இழுதிறனை அளப்பதற்கு ஜே2807 என்னும் பொது விதிமுறை ஒன்று அந்நாட்டில் உண்டு. ஒரு பொறியாளர் கழகம் அதை 2008-இல் வெளியிட்டது. பெரிய பிக்கப் நிறுவனங்கள் அடுத்து வந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாக அதனை ஏற்றன. அரிசோனாவில் டேவிஸ் அணையருகே உள்ள நெடிய ஏற்றத்தில், கடுங்கோடையின் வெப்பத்தில், குளிர்சாதனத்தை முழுவதும் இயக்கிக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் சோதனைகளில் ஒன்று. கடுமையான சோதனைதான். ஆனால் அக்கணக்கில் பிக்கப்பில் அமர்ந்திருப்போர் இருவரே. ஒவ்வொருவரும் 150 பவுண்டு. நம் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய மிதிவண்டிகளும் அதில் இடம்பெறவில்லை.

முன்பாரம் இத்தனை இடர் தருமானால் டிரெய்லரின் பின்பகுதியில் மூட்டைகளை ஏற்றி அதைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். நமக்கும் அவ்வையம் எழுந்தது. உயிருக்கே ஊறு விளைக்கும் வழி அதுதான் என்றார் முதியவர். பின்பாரம் மிகுந்த டிரெய்லரைப் பக்கவாட்டில் வீசும் காற்றோ, கடந்து செல்லும் பெரிய லாரியோ சற்றே தள்ளினால் அதன் வால் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் கொக்கியின் வழியே பிக்கப்பின் பின்புறத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். வேகம் மிகுதியாயிருப்பின் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, சில நொடிகளில் இரண்டு வண்டிகளும் சாலையில் உருண்டு கிடக்கும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியதையும் அவர் பாடம் போல் ஒப்புவிக்கச் செய்தார். முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். சுக்கானை நேராகப் பற்றியிருக்க வேண்டும்; ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பலாகாது. பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கலாகாது. மிதித்தால் பின்னாலுள்ள பாரம் முன்னதைத் தள்ளும். டிரெய்லருக்கெனத் தனியே உள்ள மின் பிரேக்கை ஓட்டுநரின் கையருகே உள்ள விசையால் அழுத்த வேண்டும். அப்போது பின்வண்டி முன்வண்டியைப் பின்னுக்கு இழுத்து, இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தும். வேகத்தைக் கூட்டித் தப்பலாம் என்று நினைப்பது பேதைமை.

அடுக்குக் கட்டில் டிரெய்லர் கைவிடப்பட்டது. பிள்ளைகளின் முகம் வாடிற்று. முழுப் பாரத்தோடும் 4,000 பவுண்டுக்கு உட்பட்ட சிறியதொரு டிரெய்லரை மருமகன் வாங்கினார். கனமான பொருள்கள் அச்சின்மேலும் அதற்குச் சற்று முன்னும் தாழ்வாக வைக்கப்பட்டன. தண்ணீரும் பாரமே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 40 காலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டு கூடும். ஆதலால், சென்று சேரும் இடத்தில் நிரப்பிக்கொள்வதென்று வைத்துக்கொண்டோம்.

புறப்படுமுன் லாரிகள் தங்கும் நிலையம் ஒன்றிலிருந்த எடைமேடையில் வண்டிகளை நிறுத்தினோம். அம்மேடை முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சு ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்துச் சொல்லும். டிரெய்லரைப் பூட்டி ஒரு முறையும், கழற்றிவிட்டுப் பிக்கப்பை மட்டும் ஒரு முறையும் நிறுத்தால், இரண்டுக்குமுள்ள வேறுபாடே முன்பாரம். நம்முடையது எட்டில் ஒரு பங்குக்கு அருகில் இருந்தது. கொக்கியோடு பொருத்தும் விற்சட்டங்கள், பின்னச்சில் விழும் சுமையில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. அவை இல்லையேல் பிக்கப்பின் முன்புறம் தூக்கிக்கொண்டு சுக்கான் பிடி தளரும். எனினும், கதவோரத்து எண்ணை அவை உயர்த்திவிடுவதில்லை.

ஒவ்வொரு நாள் காலையும் சக்கரம் உருளுமுன் மருமகன் வண்டியைச் சுற்றி வந்தார். கொக்கி பூட்டியிருக்கிறதா? இரண்டு சங்கிலிகளும் கொக்கியின் அடியில் குறுக்காகப் பின்னப்பட்டுள்ளனவா? குறுக்காக இருந்தால்தான், பூட்டு விட்டுப்போனாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் சங்கிலிகளின்மேல் விழும். வண்டிகள் அடியோடு பிரிந்துவிட்டால் தானே பிடுங்கிக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை அழுத்தச் செய்யும் மெல்லிய கம்பி உரிய இடத்தில் இருக்கிறதா? விளக்குகள் எரிகின்றனவா? டயர் சூடேறுமுன் காற்றின் அளவு சரியா? டிரெய்லர் டயர்களில் பல மணிக்கு 65 மைல் வேகத்துக்கு மேற்படாதவை. கலிபோர்னியாவிலோ டிரெய்லர் இழுப்போருக்குச் சட்டம் வகுத்த எல்லை 55 மைல். அந்தப் பத்து மைல் அற்பமன்று. 55 மைல் 65 ஆகும்போது, நிறுத்துவதற்காகப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நூற்றுக்கு நாற்பது பங்கு ஏறிவிடுகிறது.

லாரமி நகரை அடைந்தபோது மாலையாகியிருந்தது. மேற்கே ராலின்ஸ் வரை செல்லும் 80-ஆம் எண் நெடுஞ்சாலை எல்க் மலையருகே காற்றுக்குப் பேர்போனது. கனம் குறைந்த உயரமான வண்டிகளுக்குச் சாலை மூடப்பட்டுள்ளது என்று மின்பலகை அறிவித்தது. சுமையேற்றிய பெரிய லாரிகள் நம் கண்ணெதிரே சென்றுகொண்டிருந்தன. பிள்ளைகள் முனகினார்கள். மருமகன் மறுபேச்சின்றி வண்டியைத் திருப்பி, முகாம் ஒன்றில் நிறுத்தினார். இரவு முழுவதும் காற்று டிரெய்லரை உலுக்கிக்கொண்டிருந்தது. நின்ற வண்டியே இப்படி ஆடுகிறதென்றால் ஓடும் வண்டி என்னவாகும் என்று மகள் இருளில் மெல்லக் கேட்டாள். காற்றடங்கிய மறுநாள் நண்பகலில் பயணத்தைத் தொடர்ந்தோம்.

டோக்வட்டி கணவாய் 9,600 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அதில் ஏறும்போது பிக்கப் சிறிதும் திணறவில்லை. அதன் வலிமை மெய்யே. உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கியபோது மருமகன் கியரைத் தாழ்த்தினார். இறக்கத்தில் பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு போனால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். வேகம் கூடுமுன்னரே இயந்திரத்தின் தடையால் அடக்கி, பிரேக்கை இடையிடையே அழுத்தி விட வேண்டும். பின்னால் வந்தவர்கள் முந்திச் சென்றார்கள். நாம் ஓரமாக, நிதானமாக இறங்கினோம். வளைவொன்றைக் கடந்ததும் டீட்டன் சிகரங்கள் பனியோடு எதிரே எழுந்து நின்றன. கட்டில் கிடைக்காத வருத்தத்தைப் பிள்ளைகள் அந்த இடத்தில் மறந்தார்கள்.

இன்று நம்மவர் பிள்ளைகள் பலர் அந்நாட்டில் வேரூன்றி, அங்குள்ள வாழ்க்கை முறைகளையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பிக்கப் வாங்குவார்கள், டிரெய்லரும் வாங்குவார்கள். மகிழ்ச்சியே. அவர்களோடு தொலைபேசியில் உரையாடும் பெற்றோர், வண்டி எவ்வளவு இழுக்கும் என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். கதவைத் திறந்து அந்த மஞ்சள் குறிப்பில் உள்ள எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வண்டியில் ஏறும் பிள்ளைகளின் எடையை முதலில் கழித்து, எஞ்சியதைக்கொண்டு டிரெய்லரைத் தேடச் சொல்லுங்கள்.