கடிகாரமாகப் பிறந்த செயற்கைக்கோள்

சர்வர் பராமரிப்பில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த எரிச்சல் தெரிந்திருக்கும். நள்ளிரவில் ஏதோ ஒன்று நின்றுபோகும். காரணம் தேடி இரண்டு கணினிகளின் லாக் பதிவுகளை அருகருகே வைத்துப் படித்தால், கேள்வி வருவதற்கு முன்பே பதில் போய்விட்டதாகப் பதிவாகியிருக்கும். கணினிக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு குவார்ட்ஸ் துண்டின் அதிர்வை எண்ணித்தான் நேரம் சொல்கிறது. அந்த அதிர்வு பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகினால் போதும், ஒரே நாளில் 0.86 வினாடி விலகிவிடும். ஏசி நின்று அறை சூடானால் பிசகும் மாறும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கணினிகள்கூட ஒரே அளவில் விலகுவதில்லை.

இதற்காக எங்கள் அலுவலக மொட்டை மாடியில் ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனாவைப் பொருத்தினோம். கீழே ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ரிசீவரை இணைத்து, மற்ற கணினிகளெல்லாம் அதனிடம் நேரம் வாங்கிக்கொள்ளும்படி செய்தோம். வேலை முடிந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. வழி காட்டுவதற்கென்று செய்த கருவியிடம் மணி கேட்கலாம் என்று முதலில் நினைத்தது யார்? அந்த ஆளைத் தேடிப் போனதில் படித்தவைதான் இந்தக் கட்டுரை.

முதலில் டேவிட் மில்ஸிடம் போனேன். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர். உலகத்துக் கணினிகள் இன்று தமக்குள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் என்டிபி என்ற முறையைக் கொடுத்தவர். பிறவியிலேயே கிளாக்கோமா இருந்தது, பிற்காலத்தில் பார்வை முழுக்கப் போனது, 2024 ஜனவரியில் காலமானார். என்டிபி என்ற பெயரோடு வந்த முதல் ஆவணம் 1985-இன் ஆர்எஃப்சி 958. ஆனால் வலையமைப்பு வழியாக நேரம் அனுப்புவதைப் பற்றி அவர் 1981-லேயே எழுதியிருக்கிறார். இவையெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கும் ஆவணங்கள். 958-ஐவிட அதற்கு முந்தைய எண்ணான 957-தான் எனக்குப் பிடித்தது. பல கணினிகளின் கடிகாரங்களை வலையமைப்பு வழியாக ஒப்பிட்டு அவர் செய்த சோதனைகள் அதில் இருக்கின்றன. அவற்றில் சில, சுவர் பிளக்கில் வரும் மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் அதிர்வையே எண்ணி ஓடியவை. மின் சுமை ஏறினால் அதிர்வு சற்றுத் தளரும், குறைந்தால் விரையும். ஒரே மின் வலைப்பின்னலில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாகப் பின்தங்கி, ஒன்றாக முன்னேறின. இதை உட்கார்ந்து அளந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

என்டிபி எத்தனை கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டாலும், எங்கோ ஒரு கணினிக்கு வெளியிலிருந்து சரியான நேரம் கிடைத்தாக வேண்டும். மில்ஸ் அதை வரிசைப்படுத்தி வைத்தார்: மூலக் கடிகாரம் ஸ்ட்ரேட்டம் 0, அதோடு நேரடியாக இணைந்த கணினி ஸ்ட்ரேட்டம் 1, அதைக் கேட்பது 2. அந்தக் காலத்து ஸ்ட்ரேட்டம் 1 கணினிகள் வானொலியைக் கேட்டன. கொலராடோவிலிருந்து நேரத்தை ஒலிபரப்பும் டபிள்யுடபிள்யுவிபி ஒன்று. இன்னொன்று கோஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோள். மேகங்களைப் படமெடுக்கப் போன அது நேரக் குறியீட்டையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆக, செயற்கைக்கோளிடம் மணி கேட்கும் பழக்கம் கணினி உலகத்துக்கு ஜிபிஎஸ் வரும் முன்பே இருந்தது. ஜிபிஎஸ் ரிசீவர்கள் விலை இறங்கியதும் கைமாறியது, அவ்வளவுதான்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ரிசீவர் வினாடிக்கு ஒரு முறை எழுத்துகளாக ஒரு வரி அனுப்பும்: இன்ன தேதி, இத்தனை மணி, இந்த இடம். பழைய வேகமான வினாடிக்கு 4800 பிட்டில் அந்த வரி வந்து சேர்வதற்குள் வினாடியில் ஒரு பங்கு கழிந்துவிடும். அந்தத் தாமதமும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருக்காது. அதனால் நல்ல ரிசீவர்களில் தனியாக ஒரு கம்பி இருக்கும். வினாடி பிறக்கும் கணத்தில் அதில் ஒரு மின் துடிப்பு வரும். இப்போது எந்த பீரியட் என்பது கால அட்டவணையில் இருந்தாலும், பீரியட் தொடங்குவது மணி அடிக்கும்போதுதானே? அந்த மணிதான் பிபிஎஸ் துடிப்பு. இயங்குதளம் இதை எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைப் பொதுவாக வரையறுத்தது 2000 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2783. எழுதிய ஐவரில் மில்ஸும் ஒருவர். எங்கள் ராஸ்பெர்ரி பையில் வரியை மட்டும் நம்பியபோது நேரம் பல மில்லி வினாடிகள் ஆடியது. துடிப்புக் கம்பியை இணைத்ததும் ஆட்டம் சில மைக்ரோ வினாடிகளுக்குள் அடங்கிவிட்டது. இத்தனை பெரிய வித்தியாசம் ஒரே ஒரு கம்பியில்!

இங்கேயே தேடலை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ரிசீவருக்கு மட்டும் இத்தனை துல்லியம் எப்படி வந்தது? ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் போகும். தான் கிளம்பிய நேரத்தைச் சொல்லிக்கொண்டு செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்துத்தான் ரிசீவர் தூரத்தைக் கணக்கிடுகிறது. இருக்கும் இடத்துக்கு மூன்று எண்கள் தெரிய வேண்டும். தன் கடிகாரத்தின் பிழை நான்காவது. இடம் கண்டுபிடிக்க நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும் என்பது இதனால்தான். வழி மட்டும் கேட்பவருக்கும் அந்தக் கருவி உள்ளுக்குள் நேரத்தைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகே வழி சொல்கிறது.

இதற்கு மேல் பின்னோக்கிப் போனபோது ரோஜர் ஈஸ்டன் வந்தார். வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1958-இல் ஏவப்பட்டு இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் வான்கார்டு 1-ஐ உருவாக்கியவர்களில் ஒருவர். தலைக்கு மேல் பறக்கும் செயற்கைக்கோள்களைக் கண்டுபிடிக்க அமெரிக்காவின் தென்பகுதியில் குறுக்கே ஒரு ரேடியோ வேலியை அவருடைய குழு நிறுவியிருந்தது. தூரத்தில் இருக்கும் நிலையங்களின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் ஒத்துப்போனால்தான் அந்த வேலி பயன்படும். தொலைவில் இருக்கும் இரண்டு கடிகாரங்களை ஒப்பிட, மூன்றாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் போய்வந்த காலம் அது. 1964-இல் ஈஸ்டனுக்கு ஒரு யோசனை வந்தது: இரண்டு நிலையங்களுக்கும் தெரியும்படி ஒரு கடிகாரத்தை வானத்திலேயே வைத்துவிட்டால் என்ன? மேலே இருக்கும் கடிகாரமும் கீழே இருப்பதும் ஒத்துப்போகுமானால், சிக்னல் வந்த தாமதத்திலிருந்து தூரமும் தெரிந்துவிடும். தூரம் தெரிந்தால் கப்பல் தான் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். வழிகாட்டல் வந்தது இந்தப் பின்வாசல் வழியாக.

நான் தேடிப்போன ஆள் கிடைத்துவிட்டார், ஆனால் என் கேள்வி தலைகீழானது. வழிகாட்டும் கருவியிடம் யாரும் புதிதாக மணி கேட்கவில்லை. மணி சொல்ல நினைத்த கருவிதான் பிறகு வழியும் காட்டியது.

ஈஸ்டனின் யோசனைப்படி செய்த செயற்கைக்கோள் டைமேஷன் 1, 1967 மே 31 அன்று மேலே போனது. அதில் இருந்தது குவார்ட்ஸ் கடிகாரம். வெப்பமும் கதிர்வீச்சும் குவார்ட்ஸைப் பாடாய்ப் படுத்தின. அணுக் கடிகாரமே வழி என்று ஆனது. 1974-இல் என்டிஎஸ்-1 ருபிடியம் கடிகாரங்களோடு சென்றது. 1977 ஜூன் 23 அன்று சீசியம் கடிகாரத்தோடு என்டிஎஸ்-2 சென்றது. இந்த இரண்டாவதிடம் நான் வெகு நேரம் நின்றுவிட்டேன். ஐன்ஸ்டைன் சொன்னபடி, அந்த உயரத்தில் கடிகாரம் தரையில் இருப்பதைவிடச் சற்று வேகமாக ஓட வேண்டும். ஜிபிஎஸ் உயரத்தில் அது நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் தூரக் கணக்கு 11 கிலோமீட்டர் பிசகும். அதைத் திருத்தும் ஏற்பாட்டை உள்ளே வைத்திருந்தாலும் உடனே இயக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தானா என்று முதலில் பார்த்தார்கள். சுமார் 20 நாள் கடிகாரத்தைத் தன் போக்கில் ஓடவிட்டு அளந்ததில் கிடைத்த வேகக் கூடுதல் லட்சம் கோடியில் 442.5 பங்கு. சார்பியல் கணித்தது 446.5. அதன் பிறகே திருத்தியை இயக்கினார்கள்.

இதற்கு நடுவே, 1973-இல் கடற்படையின் டைமேஷனும் விமானப்படையின் தனித் திட்டமும் பிராட்ஃபோர்டு பார்க்கின்சன் தலைமையில் ஒன்றாகி ஜிபிஎஸ் ஆனது. ஜிபிஎஸ்ஸின் தந்தை பார்க்கின்சனா ஈஸ்டனா என்ற வாதம் அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. திட்டத்தைக் கட்டி எழுப்பிய பெருமை பார்க்கின்சனுக்கு உரியது. ஆனால் கடிகாரத்தை வானத்துக்கு அனுப்பியவர் ஈஸ்டன், அந்த ஒரு காரியத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்.

நேரத்தை நம்பி இருப்பவர்களுக்கும் வழியை நம்பி இருப்பவர்களுக்கும் உள்ள வேறுபாடு 2016 ஜனவரி 26 அன்று தெரிந்தது. 1990-இல் ஏவிய ஒரு பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோளை ஓய்வு பெறச் செய்தபோது, உலகப் பொது நேரத்துக்கான திருத்தக் கணக்கில் 13 மைக்ரோ வினாடிப் பிழை நுழைந்துவிட்டது. காரில் வழி பார்த்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஜிபிஎஸ் கடிகாரத்தை நம்பியிருந்த தொலைத்தொடர்பு நிலையங்களிலும் டிஜிட்டல் வானொலிகளிலும் எச்சரிக்கைகள் வந்து குவிந்தன.

அதே 2016-இல் நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. இந்தியாவின் சொந்த வழிகாட்டல் அமைப்பான நேவிக் தொகுதியின் முதல் செயற்கைக்கோளான ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ, 2013 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. ஐரோப்பாவிலிருந்து வாங்கிய மூன்று ருபிடியம் கடிகாரங்கள் அதில் இருந்தன. மூன்றும் நின்றுபோயின. செயற்கைக்கோளின் மற்ற பாகங்கள் வேலை செய்தும் அதனால் இடம் சொல்ல முடியவில்லை. செய்தி அனுப்பும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2023 மே 29 அன்று ஏவிய என்விஎஸ்-01, உள்நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரத்தைக் கொண்டுபோனது. சிறிய, விலை குறைந்த ரிசீவர்களில் பரவலாக இருக்கும் எல்1 அலைவரிசையிலும் அது சிக்னல் தருகிறது.