ஸயன்ஸில் பூஜ்யம்

காலஞ்சென்ற என் மாமனாரின் பழைய பெட்ரோல் ஜீப், சென்ற கோடையில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் இருமிற்று, நின்றுவிட்டது. "வெயிலில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிட்டது" என்று வயோதிகத் தாயாருக்குப் பிரசங்கம் செய்தேன். ஆறியதும் ஓடிற்று, மறுபடியும் நின்றது. லாரியில் கட்டி அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

அங்கே பட்டறை வைத்திருப்பவன் என் பழைய மாணாக்கன். "நீ உருப்படமாட்டாய்" என்று நான் ஆசீர்வதித்து அனுப்பியவன்! எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தான்.

"வெயில் இல்லை, ஸார். பம்பிலுள்ள சவ்வு கிழிந்து, பெட்ரோல் இறங்கி என்ஜின் எண்ணெயோடு கலக்கிறது. இப்படியே ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும்."

இரண்டு போல்ட்டுகளைக் கழற்றிப் பழைய பம்பை எடுத்தான். புதியதன் நெம்புகோல் காம் ஷாப்டின்மேல் சரியாகப் படிந்ததை உணர்ந்த பிறகே முடுக்கினான். எண்ணெயை மாற்றினான். பம்பின் கைப்பிடியை நாலைந்து முறை அசைத்துக் கார்புரேட்டரை நிரப்பினான். ஜீப் உறுமிற்று.

கூலி கேட்டேன். "எட்டாம் வகுப்பு ஸயன்ஸில் நீங்கள் போட்ட பூஜ்யத்தைத் திருத்தினால் போதும், ஸார்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகர்ந்து பாராமலே நான் தீர்ப்புச் சொன்னது ஜீப்புக்கு மட்டுமல்லவே!