நூலக வரி கட்டும் ஊர்

அம்மா காலமான பிறகு ஊரிலுள்ள வீட்டின் சொத்து வரியை நான்தான் கட்டி வருகிறேன். பேரூராட்சிக் கணக்கில் சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகையும் சேர்ந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. டொரன்டோவில் உட்கார்ந்து அதைச் செலுத்தும்போதெல்லாம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் நீள மேசை கண்ணுக்குள் வந்துவிடும். ஊருக்கு எதற்கு வருகிறாய் என்று கேட்டவர்களிடம் வீட்டை என்ன செய்வது என்று பேச வருகிறேன் என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் வந்ததும் கால் போனது நூலகத்துக்கு.

தஞ்சை மாவட்டத்தின் தெற்கோரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். ஊர் எல்லையில் புதிதாக ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். கடைத்தெரு முனையில் உயர்கோபுர மின்விளக்கு. பேருந்து நிற்கும் இடங்களில் எல்லாம் நிழற்குடை, ஒவ்வொன்றின் நெற்றியிலும் எந்த உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி என்று பெரிய எழுத்தில் பெயர். மேலத்தெருவுக்கு பேவர் பிளாக் வந்திருக்கிறது, சாக்கடை மட்டும் பழைய சாக்கடை. இவற்றைக் கடந்து நடந்தேன்.

நூலகம் அதே இடத்தில் இருக்கிறது. ஓட்டுக் கூரை இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது ஓடுகள் பறந்தன. ஒரு பாதிக்குத் தகரம் போட்டிருக்கிறார்கள். மறு பாதி அறைக்குப் பூட்டு. நீள மேசை இருக்கிறது. மழைத்தண்ணீர் ஊறி அதன் ஒரு முனை பிளந்து போய், அந்தப் பக்கம் யாரும் உட்காராதபடி பழைய வார இதழ்களைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கிறார்கள். பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு பலகை சாய்ந்திருந்தது. திருப்பினேன். புரவலர்கள் பெயர்ப் பலகை. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் நூலகத்தின் புரவலர். அரிசி ஆலைக்காரர், தையல்கடைக்காரர், உரக்கடை முதலாளி, என் எட்டாம் வகுப்பு ஆசிரியை. தையல்கடைக்காரர் அந்த ஆயிரத்தைச் சேர்க்க எத்தனை சட்டை தைத்திருப்பார்! எழுத்தில் பாதி உரிந்திருக்கிறது. ஆணி அடித்து மாட்டச் சுவர் தாங்காது என்று கீழே வைத்துவிட்டார்களாம்.

எனக்கு இந்த இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் வயதுக்கு வந்த பெண் தனியாகப் போய்வரக்கூடிய இடங்கள் ஊரில் இரண்டே இரண்டு. ஒன்று கோயில், இன்னொன்று நூலகம். கோயிலுக்குப் போனால் யாரோடு நின்று பேசினாள் என்று வீட்டுக்குச் சேதி வரும். நூலகத்துக்குப் போனால் வராது. மாஸ்கோவில் அச்சாகி வந்த வழவழப்பான சோவியத் கதைப் புத்தகங்களை அங்கேதான் படித்தேன். லக்ஷ்மியைப் படித்தேன், பிறகு ஜெயகாந்தனைப் படித்தேன், பிறகு தி. ஜானகிராமனைப் படித்து எங்கள் தஞ்சாவூர்ப் பேச்சு புத்தகத்தில் ஏறும் என்று தெரிந்துகொண்டேன். அப்போதிருந்த நூலகர் சார், அட்டைக்கு ஒரு புத்தகம்தான் என்ற கணக்கை எனக்காக அப்பாவின் அட்டையையும் சேர்த்துத் தளர்த்துவார். "சனிக்கிழமை கொண்டாந்துடணும், பாப்பா." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இன்றைய நூலகர் ஒரு பெண். பக்கத்துக் கிராமத்து ஊர்ப்புற நூலகமும் அவருடைய கூடுதல் பொறுப்பு. அங்கே போகும் நாளில் இங்கே கதவு திறக்காது. நான் போன அன்று மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்பிள்ளைகள், டிஎன்பிஎஸ்சி குரூப் நான்கு தேர்வுக்குப் படிப்பவர்கள். ஒரே பொது அறிவுப் புத்தகத்தை மூவர் பங்கு போட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரை மணிக்கு அவர்களில் ஒருத்தி எழுந்து, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். சாப்பிடப் போனாளா என்று நூலகரிடம் கேட்டேன்.

"இல்லக்கா, வீட்டுக்குப் போயிட்டு வர்றா. இங்க பாத்ரூம் கிடையாதே."

"அப்ப நீங்க?"

அவர் மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டினார். மூடியின் முத்திரை வளையம்கூட உடையவில்லை. "காலையில கிளம்புறப்ப ஒரு டம்ளர் குடிப்பேன். அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். மாசத்துல அந்த மூணு நாள் மட்டும் எதிர்வீட்டு அத்தைக்கிட்ட கேட்டுக்குவேன். தினமும் கேட்டா நல்லாருக்காது இல்லியா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. இன்றும் தணியவில்லை. நாங்கள் படித்த காலத்திலும் அங்கே கழிப்பறை கிடையாது. ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுவோம், அதனால் அது உறைத்ததில்லை. இந்தப் பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து படிக்க வருகிறார்கள். ஒரு தேர்வில் ஒரு மதிப்பெண்ணில் வேலை கைவிட்டுப் போகிறது. இங்கே படிக்கிற நாளில் முக்கால் மணி நேரம் சைக்கிளில் போய்விடுகிறது.

இது பணம் இல்லாததால் வந்த நிலை என்றால்கூட மனம் ஓரளவு ஆறும். 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம், இந்தியா விடுதலை பெற்ற பின் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம். கல்வி அமைச்சர் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார், பின்னாலிருந்து உழைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகம் யாருடைய கொடையையும் நம்பி நிற்கக் கூடாது, வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அதற்கென்று ஒரு பங்கு கட்ட வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். அந்தப் பங்கை உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பணத்தில் கட்டடம், இருக்கை, நாளிதழ் எல்லாம் நடக்க வேண்டும். 2022இல் சொத்து வரியை வீட்டின் பரப்புக்கு ஏற்ப 25 முதல் 100 சதவீதம்வரை உயர்த்தினார்கள். நூலக வரி சதவீதக் கணக்கு என்பதால் அதுவும் கூடவே உயர்ந்தது. ஆக, எங்கள் ஊர் மக்கள் முன்பைவிட அதிகமாக நூலகத்துக்குக் கொடுக்கிறார்கள்.

வசூலாகும் நூலக வரியை உள்ளாட்சிகள் உடனுக்குடன் ஒப்படைப்பதில்லை என்பது தமிழ்நாடு முழுக்கப் பல ஆண்டுகளாகப் பேசப்படும் குறை. குடிநீர் மோட்டார் பழுது, துப்புரவுப் பணியாளர் சம்பளம் என்று அவசரம் வரும்போது கையில் இருக்கும் பணம் அதற்குப் போகிறது. அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. துப்புரவுப் பணியாளர் சம்பளத்தை நிறுத்திவிட்டு நூலகத்துக்குக் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வளைவு கட்டும்போது அந்த நெருக்கடி எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

புயல் அடித்த நேரமும் எங்களுக்குக் கெட்ட நேரம். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர உள்ளாட்சிகளுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. கஜா வந்து கூரையைப் பிய்த்துப் போட்டபோது, எங்கள் வார்டுக்காக எழுந்து நின்று கேட்க வாக்குப் பெற்ற ஓர் ஆள்கூட இல்லை. தென்னை விழுந்தவர்கள் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார்கள். நூலகத்துக்காக எந்த வரிசையில் யார் நிற்பது?

இன்னொன்றும் உறுத்துகிறது. அரசியல் சட்டத்தின் பதினொன்றாம் அட்டவணை கிராம ஊராட்சிகளுக்கு உரிய 29 துறைகளைச் சொல்கிறது. அதில் நூலகம் பெயரிட்டே இருக்கிறது. நகரங்களுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் 18 துறைகள். பூங்கா இருக்கிறது, விளையாட்டுத் திடல் இருக்கிறது, நூலகம் என்று தனியே எழுதவில்லை. பேரூராட்சி என்பது பாதிக் கிராமம், பாதி நகரம். எங்கள் ஊர்போன்ற ஊர்கள் இரண்டு பட்டியலுக்கும் நடுவே விழுந்துவிடுகின்றன. கிராமமாக இருந்திருந்தால் கிராம சபையில் எழுந்து நின்று நானே கேட்டிருப்பேன். பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் உறுப்பினர்தான் பேச முடியும்.

சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறந்தது. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறந்தது. இரண்டும் வந்ததில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் மேசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அந்த மூன்று பெண்பிள்ளைகள் மதுரைக்குத் தினமும் போய்வர முடியாது. தமிழ்நாட்டில் 4,500க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இந்த மாதிரிச் சின்ன ஊர்களில் இருப்பவை.

டொரன்டோவில் பொது நூலகத்துக்கு 100 கிளைகள். அங்கும் பெருமளவு வீட்டு வரியில்தான் நடக்கிறது. தமிழ்ப் புத்தகம் அலமாரி நிறைய இருக்கிறது. குளிருக்கு ஒதுங்க வந்தவரும் அங்கே கழிப்பறைக்குப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதே முறையில் வரி போடும் சட்டம் எங்கள் மாநிலத்திலும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தும் எங்கள் ஊர்ப் பெண் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கிறாள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

எங்கள் வார்டு கவுன்சிலர் முப்பத்தைந்து வயதுப் பெண். என் அம்மாவை அவருக்குத் தெரியும், என்னை அத்தை என்கிறார். சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன்.

"கட்டடம் நூலகத் துறையோடது, அத்தை. நம்ம நிதியை அதுல போட்டா தணிக்கையில பிடிச்சுக்குவாங்க. அவங்களைக் கேட்டா, பேரூராட்சி கட்ட வேண்டிய வரிப் பாக்கி வந்தா பாத்துக்கலாம்ங்கறாங்க. ரெண்டு பக்கமும் நடந்து நடந்து எனக்கு அலுத்துப்போச்சு."

"நிழற்குடை கட்டுற நிதியில கட்டலாமே? எம்பி நிதியில பொது நூலகத்துக்குக் கட்டடம் கட்ட இடம் உண்டும்மா."

"உண்டு. நானும் மனு குடுத்தேன். ரோட்டுல நிக்கிற நிழற்குடையைத் தினம் ஆயிரம் பேர் பாக்குறாங்க. இதை யாரு பாக்குறா சொல்லுங்க?"

தொகுதி மேம்பாட்டுக்கென்று சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இரண்டு கழிப்பறைக்கு அதில் எவ்வளவு ஆகிவிடும்? அவரும் நானும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். நூலகச் சுவரை ஒட்டி ஒரு துண்டு நிலம் கிடக்கிறது, அது பேரூராட்சிப் புறம்போக்கு. அதில் நீரூற்று வைத்துச் சிறு பூங்கா அமைக்க ஒரு பேச்சு ஓடுகிறது. பூங்காவை எதிர்த்தால் தன்னைத் தனிமைப்படுத்திவிடுவார்கள் என்கிறார். ஆனால் அந்த நிலத்திலேயே பொதுக் கழிப்பறை கட்டினால் கட்டடம் பேரூராட்சியுடையதாகவே இருக்கும், தணிக்கைச் சிக்கல் வராது. பதினைந்தாவது நிதிக்குழு நகர உள்ளாட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கிக் கட்டிப்போட்டது. அந்தத் தலைப்பில் கேட்டால் வளைவுக்கோ விளக்குக்கோ அதைத் திருப்பிவிட முடியாது.

"வாசலை மட்டும் நூலகத்துப் பக்கம் வைக்கச் சொல்லணும்," என்றேன். "ரோட்டுப் பக்கம் வச்சா பொம்பளைப் பிள்ளைங்க போகமாட்டாங்க. சாவி நூலகர்கிட்ட இருக்கட்டும்."

"அப்ப மனுல அதையும் எழுதிக் குடுங்க. வரி கட்டுறவங்க கையெழுத்து அம்பது பேராவது வேணும். நான் கூட்டத்துல வச்சுப் படிக்கிறேன்."

மறுநாள் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளில் ஒருத்தி மனுவை எழுதினாள், அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. முதல் கையெழுத்து நான் போட்டேன், வீட்டின் வரி விதிப்பு எண்ணோடு. தையல்கடைக்காரரின் மகன் இரண்டாவதாகப் போட்டார். வீட்டை விற்கும் பேச்சை நிறுத்திவிட்டேன். விற்றுவிட்டால் அந்த எண் என்னுடையதாக இருக்காது, கேட்கும் உரிமையும் போய்விடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனி மனு ஒன்றும் போட்டிருக்கிறேன்: 2018 முதல் ஆண்டுவாரியாக நூலக வரி எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது, பாக்கி எவ்வளவு. பதில் தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது.