பழைய பெட்டியும் புதிய பாகங்களும்
மூலக்குளம் முதல் ரிச்சி தெரு வரை ஒரு பயணம்

புதுச்சேரி இந்திரா காந்தி சிலையிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் ரெட்டியார்பாளையத்தை அடுத்து வருவது மூலக்குளம். அதற்கப்பால் அரும்பார்த்தபுரம், பிறகு வில்லியனூரும் சுல்தான்பேட்டையும். புதுச்சேரி என்றதும் வெளியூர் அன்பர்களின் நினைவுக்கு வருவன கடற்கரைச் சாலையும் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற கட்டடங்களுமே. மூலக்குளத்தில் அவற்றைக் காண இயலாது. உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட இப்பகுதியில் இருப்பவை குடியிருப்பு நகர்கள், சாலையோரக் கடைகள், பொழுதெல்லாம் ஓயாத பேருந்து இரைச்சல். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பங்கள் வாழும் ஊர் என்று சொன்னால் அது போதுமான அறிமுகம்.

என் தங்கையின் குடும்பம் இங்கேதான் வசிக்கிறது. அவ்வீட்டு முன்னறையில் ஒரு மேசைக் கணிப்பொறி உண்டு. 2013-ஆம் ஆண்டில் மச்சான் பாகம் பாகமாக வாங்கி, கடைக்காரர் உதவியுடன் பொருத்திய பெட்டி அது. மகன் விளையாடட்டும் என்று அக்காலத்திலேயே ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட்டிருந்தார். 2019-இல் அவர் இறைவன் அழைப்பை ஏற்றுக்கொண்டார். அல்லாஹ் அவருடைய மண்ணறையை விசாலமாக்குவானாக! பெட்டி மட்டும் வீட்டில் நின்றது. அதன் ஹார்டு டிஸ்க்கில் அவருடைய புகைப்படங்களும், பிள்ளைகளுடன் அவர் பேசிச் சிரித்த சில காணொளிகளும் நின்றன.

இப்போது மகன் கல்லூரி மாணவன். பெட்டியோ இயங்கத் தொடங்கவே பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. புதிய விளையாட்டுகளைத் திறந்தால் தானே அணைந்துபோனது. அருகிலுள்ள கடையொன்றில் காட்டியதற்கு, “எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்” என்றார்கள். தங்கை தையலில் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த தொகை 40,000 ரூபாய். “அவர் வாங்கிய பெட்டியில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்? அதைப் பார்த்துச் சொல்லுங்கள் காக்கா” என்று அவள் கேட்டாள். இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையாகும்.

பொருத்தம் என்பது யாது?

அரும்பார்த்தபுரத்தில் விழுப்புரம் சாலை ஓர் இருப்புப் பாதையைக் கடக்கிறது. 1879-இல் திறக்கப்பட்ட புதுச்சேரி–விழுப்புரம் பாதை அது. நெடுங்காலம் மீட்டர்கேஜாக இருந்து, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. மீட்டர்கேஜ் தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் அது 1,676. பழைய எஞ்சின் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் புதிய பாதையில் ஓடாது. எஞ்சினிலும் குறையில்லை, பாதையிலும் குறையில்லை. இரண்டுக்கும் அளவு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அரபு இலக்கணம் பயிலும் மாணவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வர். பெயரைத் தழுவி வரும் அடைச்சொல், பால், எண், வேற்றுமை, மஃரிஃபா–நகிரா என்னும் நான்கிலும் அப்பெயரோடு ஒத்திருக்க வேண்டும். மூன்று ஒத்து ஒன்று பிசகினாலும் தொடர் பிழையே. கணிப்பொறிப் பாகங்களின் நிலையும் அதுதான். எனவே கடைக்குப் போகுமுன், வீட்டிலேயே பெட்டியைத் திறந்து ஒரு பட்டியல் எழுதினோம்.

பெட்டிக்குள் கண்டவை

முதலில் பார்க்க வேண்டியது மதர்போர்டு. மற்றெல்லாப் பாகங்களும் வந்து அமரும் பலகை அது. இவ்வீட்டுப் போர்டு இன்டெல் எச்61 வகை. அதன் நடுவிலுள்ள சாக்கெட்டின் பெயர் எல்.ஜி.ஏ. 1155. அதில் இன்டெல் நிறுவனத்தின் 2-ஆம், 3-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் மட்டுமே அமரும். பெட்டியில் ஏற்கெனவே இருந்தது 3-ஆம் தலைமுறை ஐ5. ஆக, அப்போர்டில் ஏறக்குறைய உச்சிப்படிக்கு வந்தாயிற்று. அத்தலைமுறையில் ஏ.வி.எக்ஸ்.2 என்னும் கட்டளைத் தொகுதி கிடையாது. அது 2013-இல் வந்த 4-ஆம் தலைமுறையில்தான் சேர்க்கப்பட்டது. அத்தொகுதியைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய விளையாட்டுகள் சில உள்ளன. எத்தனை விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டைச் செருகினாலும் அந்தக் குறை தீராது.

சாக்கெட்டின் எண் ஒன்றாக இருந்தால் போதும் என்றும் எண்ணிவிடலாகாது. 2015-இல் வந்த 6-ஆம் தலைமுறைக்கும், 2017-இல் வந்த மேசைக் கணிப்பொறிக்கான 8-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் எண் 1151தான். ஆயினும் 6-ஆம் தலைமுறைக்கென வந்த போர்டுகளில் 8-ஆம் தலைமுறைப் பிராசசர் இயங்குவதில்லை. ஆகவே போர்டைத் தயாரித்தவர் வெளியிட்டுள்ள ஆதரவுப் பட்டியலில் பிராசசரின் முழுப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது ரேம். பெட்டியில் இருந்தது டி.டி.ஆர்.3. அதன் விளிம்பிலுள்ள வெட்டு ஓரிடத்தில், டி.டி.ஆர்.4-இல் வேறிடத்தில், டி.டி.ஆர்.5-இல் மற்றோரிடத்தில் இருக்கும். ஒன்றை மற்றொன்றின் துளையில் செருகவே முடியாதபடி வேண்டுமென்றே அவ்வாறு அமைத்துள்ளனர்.

மூன்றாவது ஹார்டு டிஸ்க். இங்கே நல்ல செய்தி உண்டு. சாட்டா இணைப்பு பழைய போர்டிலும் புதிய போர்டிலும் உள்ளது. ஆகையால் மச்சானின் டிஸ்க்கைப் புதிய போர்டிலும் இணைக்கலாம். ஆயினும் எதையும் கழற்றுமுன் அதிலுள்ள படங்களையும் காணொளிகளையும் வேறொரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்தோம். பாகம் மாற்றும் ஒவ்வொரு வீட்டிலும் முதல் வேலை இதுவாக இருத்தல் வேண்டும்.

நான்காவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. பெட்டியோடு இலவசமாக வந்தது, வயது பன்னிரண்டு. மின்வழங்கி பழுதாகும்போது சில வேளை மற்றப் பாகங்களையும் சேர்த்து அழித்துவிடும். எனவே அதை மாற்றுவதென முடிவு செய்தோம்.

ஐந்தாவது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் எனில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசரும் தேவை. பழைய ஐ5 அவ்வரிசையில் இல்லை.

பட்டியல் முடிந்தபோது விடை தெளிவாயிற்று. போர்டு, பிராசசர், ரேம் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று போனால் மூன்றும் போக வேண்டும். பெட்டி, டிஸ்க், மானிட்டர், கீபோர்டு ஆகியவை நிற்கலாம். பெட்டி நிற்பதற்குக் காரணம், 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவு இன்றும் வழக்கில் இருப்பதே. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு 24.4 சென்டிமீட்டர் சதுரம். அன்று துளையிட்ட அதே இடங்களில் இன்றைய போர்டின் திருகுகளும் பொருந்தும்.

ரிச்சி தெருவில்

2025 டிசம்பரில், கல்லூரி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, பட்டியலையும் ஓர் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு நானும் மருமகனும் புறப்பட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து காலாப்பட்டைத் தாண்டி, மரக்காணத்தின் உப்பளங்களைக் கடந்து, மாமல்லபுரம் வழியாகச் சென்றது. திருவான்மியூரில் இறங்கி நகரப் பேருந்தில் அண்ணா சாலை சேர்ந்தோம். ஞாயிறன்று ரிச்சி தெருக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். வெளியூரிலிருந்து செல்வோர் இதை நினைவிற் கொள்க.

ரிச்சி தெரு என்று பொதுவாகச் சொன்னாலும், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எனச் சுற்றியுள்ள தெருக்களும் சேர்ந்ததே அச்சந்தை. வானொலிப் பாகங்கள் விற்ற கடைகளாகத் தொடங்கி, தொலைக்காட்சிக்கு மாறி, பிறகு கணிப்பொறிக்கு வந்த தெரு. இன்றும் ஒரு கடையில் மின்தடைகளைச் சில்லறையாக எண்ணிக் கொடுப்பார்கள்; அடுத்த கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்கு எரியும் விலையுயர்ந்த கார்டுகள். இருவர் எதிரெதிரே நடந்தால் தோள் உரசும். அதற்கிடையே இருசக்கர வண்டியும் வரும்.

“வாங்க பாய், என்ன வேணும்?” என்ற அழைப்பு ஒவ்வொரு படியிலும் கேட்டது. மருமகனின் கண்ணோ ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டின் மீது பதிந்துவிட்டது. மூன்று விசிறி கொண்ட பெரிய கார்டு. “மாமு, இதை மட்டும் வாங்கினால் போதும், மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்” என்றான்.

அவனைக் கடிந்துகொள்ளாமல் அளவு நாடாவை அவன் கையில் கொடுத்தேன். கார்டின் நீளம் பெட்டிக்குள் உள்ள இடத்தைவிட 3 சென்டிமீட்டர் கூடுதல். அதில் 8 முனை மின்இணைப்பு இரண்டு இருந்தன. போர்டின் துளை தருவது 75 வாட். 8 முனை இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட் வரை தரும். அவ்வளவு மின்சாரம் கேட்கும் கார்டுக்கு நம் வீட்டு மின்வழங்கியில் ஓர் இணைப்புகூடக் கிடையாது. “சிறியதாக ஒன்று?” என்று கேட்டான். கடைக்காரர் நேர்மையான மனிதர். 2022-இல் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யைக் காட்டி, “இது நாலு லேன்தான் தம்பி, பழைய போர்டில் போட்டால் வேகம் குறையும்” என்று அவரே சொல்லிவிட்டார். செருகினால் அமர்வது ஒரு பொருத்தம். தன் முழு வலுவுடன் உழைப்பது வேறொரு பொருத்தம்.

மருமகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பட்டியலை எடுத்து அவனே மேலிருந்து படிக்கத் தொடங்கினான். அண்ணா சாலை மக்கா மஸ்ஜிதில் ஜும்ஆத் தொழுதுவிட்டு வந்து, அவ்வரிசைப்படியே வாங்கினோம்.

பிராசசராக நாங்கள் தேர்ந்தது 2021-இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி. கிராபிக்ஸ் வசதி அதனுள்ளேயே இருப்பதால் தனிக் கார்டு இன்றியும் மிதமான விளையாட்டுகள் ஓடும். விண்டோஸ் 11-உம் ஏற்கும். குளிர்விக்கும் விசிறியும் அதே அட்டைப்பெட்டியில் வருகிறது. பழைய இன்டெல் விசிறி இந்தச் சாக்கெட்டில் பொருந்தாது. போர்டு பி450 வகை. இரண்டு நிபந்தனைகளை வைத்துத் தேடினோம்: வீட்டு மானிட்டரில் வி.ஜி.ஏ. இணைப்பு மட்டுமே இருப்பதால் போர்டிலும் வி.ஜி.ஏ. இருக்க வேண்டும், ரேம் துளை நான்கு இருக்க வேண்டும். இவ்வகைப் போர்டு 5600ஜிக்கு முந்தியது என்பதால் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருந்தால்தான் அதை அடையாளம் காணும். கடைக்காரர் அங்கேயே புதுப்பித்து, மேசை மீது இயக்கிக் காட்டிய பிறகே பணம் கொடுத்தோம்.

ரேமில்தான் இடி. 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்காக நினைவகச் சில்லுகளை உலகெங்கும் வாரிக்கொண்டதால் விலை கடுமையாக ஏறியிருந்தது. இரண்டு 16 ஜி.பி. என்று எழுதியிருந்ததை இரண்டு 8 ஜி.பி. என்று திருத்தினோம். ஒரே 16-ஆக வாங்காமல் இரண்டு 8-ஆக வாங்கியதற்குக் காரணம் உண்டு. தனிக் கார்டு இல்லாத கணிப்பொறி படம் வரையவும் ரேமையே பயன்படுத்துகிறது. இரண்டு பலகைகள் இரு வழிகளாகப் பணியாற்றும்போது அதன் வேகம் கூடும். மீதி இரு துளைகள் பிற்காலத்துக்கு. அடுத்து ஒரு சிறிய எஸ்.எஸ்.டி., தரமான மின்வழங்கி ஒன்று. அதில் பின்னாளில் வரக்கூடிய கார்டுக்கென 8 முனை இணைப்பும் உண்டு. தொகை 40,000-க்குள் அடங்கிற்று. ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் எழுதிய ஜி.எஸ்.டி. ரசீது வாங்கிக்கொண்டோம், உத்தரவாதக் காலத்தில் பேசுவது அந்தத் தாள்தான்.

பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளை விளையாட்டுக்காகக் கணிப்பொறி கேட்கும்போது ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்னும் இரு சொற்களோடு பேச்சை முடித்துவிடுகிறோம். அதைவிட, பெட்டியைத் திறந்து உள்ளதை எழுதச் சொல்லுங்கள். எந்த விளையாட்டு, அது கேட்பது என்ன, நம்மிடம் இருப்பது என்ன என மூன்று வரிசையாக எழுதட்டும். போர்டின் பெயர், ரேமின் வகை, மின்வழங்கியின் வாட், பெட்டியின் உள் நீளம், மானிட்டரின் இணைப்பு ஆகிய ஐந்தும் தெரியாமல் ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம். இவற்றை எழுதிப் பழகும் பிள்ளை, வீட்டுப் பணத்தின் அளவையும் அதே தாளில் எழுதப் பழகிவிடுகிறான்.

மூலக்குளத்து முன்னறையில் அதே பெட்டி, அதே இடத்தில் நிற்கிறது. மச்சானின் படங்கள் இப்போது இரண்டு டிஸ்க்குகளில் உள்ளன. பெரிய கார்டை, தான் சம்பாதிக்கத் தொடங்கியபின் வாங்கிக்கொள்வதாக மருமகன் சொல்லியிருக்கிறான்.

கழற்றிய எச்61 போர்டு, ஐ5, டி.டி.ஆர்.3 மூன்றையும் குப்பையில் போடவில்லை. அவை பழையன; ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தியவை. வேறொரு பெட்டியில் வைத்து, சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைச் சேர்த்து, லினக்ஸ் ஏற்றி எங்கள் மதரஸா அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டாள் தங்கை. மாணவர் வருகைப் பதிவும் மாதக் கணக்கும் இப்போது அதில்தான் நடக்கின்றன.