சம்பளச் சிட்டையில் தெரியாத பணம்

ரிவர்ஸ்டன் உச்சியில் காற்று ஆளை நிற்க விடாது. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறும் பாதையில் அரைவாசித் தூரம் வரை வியர்த்துக்கொண்டு வந்தவர்கள், மேலே இறங்கியதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகில் எங்கள் தலைக்கு மேலே ஓடியது.

வன்னியிலிருந்து எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேர் இரண்டு நாள் அனுபவப் பகிர்வுப் பயணமாக அங்கே போயிருந்தோம். கணவனை இழந்தவர்கள், காணாமல் போன பிள்ளையைத் தேடுபவர்கள், உடம்பில் செல் துண்டோடு வாழ்பவர்கள் எனப் பலரும் அதில் இருந்தார்கள். அநேகமானோர் ஆடைத் தொழிற்சாலையிலோ அரிசி ஆலையிலோ வேலை செய்கிறவர்கள். குழுவில் மூத்தவரை எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளத்தாக்கைக் கையால் காட்டி அவர் சொன்னார்:

"இதில எங்கயோ ஒரு தோட்டத்திலதான் நான் பிறந்தனான் பிள்ளை. எழுபத்தேழில அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு ஓடி வந்தவ."

1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து குடியேறின. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், கோப்பித் தோட்டங்களுக்காக தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். அவர்கள் நடந்த திசையில்தான் எங்கள் பஸ்ஸும் வந்திருந்தது.

தலைச்சுற்றும் அரைப்பேரும்

பிற்பகல் மலைச்சரிவுக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்து லயத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களோடு உட்கார்ந்தோம். எங்களுக்கு வெறுந்தேநீரும் வெல்லமும் தந்தார்கள். வழக்கம் போல நான் "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். சம்பளத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஓர் அக்கா தலைச்சுற்றைப் பற்றிச் சொன்னார்.

"பத்து மணிக்கு மேல கண்ணு இருட்டிக்கிட்டு வரும் மிஸ். தேயிலை மரத்த புடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நிப்போம். நிறை கொறஞ்சா அரைப்பேருதானே போடுவாங்க. அதுனால தண்ணியக் குடிச்சிட்டு மறுபடியும் பறிப்போம்."

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், மலையில் மலசலகூடம் இல்லாததால் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை என்றார். எங்கள் குழுவில் தையல் இயந்திரத்தில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி உடனே, "எங்கட இடத்தில மலசலகூடம் இருக்கு. ஆனா லைனை விட்டு எழும்பிப் போனா கணக்கு விழாது எண்டு நாங்களும் தண்ணி குடிக்கிறதில்லை" என்றாள். மலையில் நிற்பவரும் தொழிற்சாலையில் இருப்பவரும் ஒரே காரணத்துக்காகத் தாகத்தை அடக்குகிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

இந்தத் தலைச்சுற்று புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1979 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மறு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு மாதத்தின் பின் பார்த்தபோது, இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு உயர்ந்தவர்கள் முன்னையை விடக் கூடுதலான கொழுந்து பறித்திருந்தார்கள். யாருக்கு இரத்தச்சோகை அதிகமாக இருந்ததோ அவரிடமே முன்னேற்றமும் அதிகமாக இருந்தது.

அந்த ஆய்வைப் பற்றி நான் சொன்னதும் ஓர் அக்கா சிரித்தார்: "அப்ப நாங்க சோம்பேறி இல்லன்னு நாப்பது வருசத்துக்கு முந்தியே எழுதி வச்சிருக்காங்க!" அது வேடிக்கைக்காகச் சொன்ன பேச்சில்லை. நிறை குறைந்த நாளில் அவர் கேட்கும் ஏச்சு, அவருடைய இரத்தத்தில் உள்ள குறைவுக்காகக் கேட்பது. ஒரு மாத்திரைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அதைக் கொடுக்காததால் தொழிலாளி அரை நாள் சம்பளத்தை இழக்கிறார். முதலாளி கொழுந்தை இழக்கிறார்.

என் அம்மாவின் கண்

இனி எழுதப் போவதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். மற்றவருக்கு வழி சொல்லும் வேலையில் இருப்பவள் நான். சமூகவியல் படித்தவள். என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மீள்குடியேற்றத்துக்குப் பின் என் அம்மா ஒரு தொழிற்சாலையின் சமையலறையில் ஆறு வருடம் வேலை செய்தார். அங்கே இருந்தபோதே அவருக்குக் கண்ணில் வெண்புரை வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை இலவசம். கண்ணில் வைக்கும் வில்லையை மட்டும் வெளியில் வாங்க வேண்டியிருந்தது. கையில் காசில்லை. அம்மாவின் கடைசித் தோடு அடகுக்குப் போனது. அதை மீட்க முடியாமல், இரண்டு வருடம் வட்டி கட்டிய பிறகு விட்டுவிட்டோம்.

பல வருடங்களுக்குப் பின் ஒரு செயலமர்வில் ஊழியர் நம்பிக்கை நிதியத்தைப் பற்றி விளக்கினார்கள். கண் வில்லை பொருத்துவதற்கு அந்த நிதியத்தில் உதவி உண்டு என்று கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. அம்மா அதன் அங்கத்தவராகத்தான் இருந்திருக்கிறார். அதை அவருக்கு வேலைத்தலத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை; அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை. வில்லை வாங்கிய பற்றுச்சீட்டை அம்மா எப்போதோ அடுப்பில் போட்டிருந்தார்.

இந்தக் கதையை லயத்தில் சொன்னபோது பெரியம்மா, "அது ஆற்ற காசு பிள்ளை?" என்று கேட்டார். நாம் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அது யாருடைய காசு?

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் 25 நாள் வேலை செய்தால் 33,750 ரூபா. இதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்திலிருந்து 8 வீதம், அதாவது 2,700 ரூபா கழிக்கப்படும். முதலாளி 12 வீதம், 4,050 ரூபா போட வேண்டும். இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம், 1,012 ரூபா 50 சதம் கட்ட வேண்டும். இந்த 3 வீதத்துக்காக நம்மிடம் ஒரு சதமும் கழிப்பதில்லை. கழிக்காதபடியால் அது நம் கண்ணிலும் படுவதில்லை.

1980 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இந்த நிதியம், வேலையில் இருக்கும்போதே உதவுகிறது. கண் வில்லை, இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, நிரந்தர அங்கவீனம், மரணம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. தொகையும் நிபந்தனையும் காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே நோய் வந்த உடனேயே கேட்க வேண்டும். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

சேமலாப நிதியிலும் பத்து வருடம் அங்கத்தவராக இருந்து, குறிப்பிட்ட தொகை சேர்ந்திருந்தால், வீட்டுக்கோ சில வைத்தியத் தேவைகளுக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே பெற வழி இருக்கிறது. மீற்றர் வட்டிக்கு ஓடுவதற்கு முன் இதை விசாரித்துப் பாருங்கள்.

பணத்தை ஒழுங்காகக் கட்டாத இடங்களும் உண்டு. ஆகவே கணக்குக் கூற்றை வருடத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். சேமலாப நிதி பற்றிய முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும், மற்றதை நம்பிக்கை நிதியச் சபையிலும் கொடுக்கலாம். தனியாகப் போகப் பயமென்றால் ஐந்து பேராகப் போங்கள்.

வேறு மூன்று விடயங்களையும் அன்று பேசினோம். 1939 ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் சட்டத்தின் கீழ் 12 வாரம், அதாவது 84 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. முன்னர் மூன்றாவது பிள்ளை முதல் 42 நாள்தான். 2018 இல் அந்த வேறுபாடு நீக்கப்பட்டது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும். வேலையில் காயம்பட்டால் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. 2022 திருத்தத்தின்படி வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்துக்கும் அது பொருந்தும். விடியற்காலையில் கொம்பனி பஸ்ஸில் போகும் தங்கச்சிமார் இதை மறக்கக் கூடாது.

நலத் திட்டமும் வரவுப்பணமும்

இப்போது பல வேலைத்தலங்களில் ஊழியர் நலத் திட்டம் என்று நடத்துகிறார்கள். உடற்பயிற்சி, சத்துணவு விரிவுரை, மகளிர் தினத்தன்று ஒரு முகாம். இவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் செலவைக் குறைப்பது எது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பெப்சிகோ கம்பனியின் நலத் திட்டத்தை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2014 இல் முடிவை வெளியிட்டது. ஏற்கெனவே நோயுள்ளவருக்கு முறையாகச் சிகிச்சை தொடர உதவிய பகுதியால் செலவு மிச்சமானது. பழக்கவழக்கங்களைத் திருத்தச் சொன்ன பகுதி, போட்ட பணத்தைக்கூட மீட்கவில்லை. 2019 இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒரு பெரிய வர்த்தக நிறுவனத்தின் சுமார் 33,000 ஊழியரைப் பற்றியது. ஒன்றரை வருடம் நலத் திட்டம் நடந்த பின்னும் வைத்தியச் செலவில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

இது எங்கள் பெண்களுக்கு அனுபவத்தில் தெரிந்ததுதான். குழுவில் ஓர் அக்காவுக்குத் தோளில் செல் துண்டு இருக்கிறது. மாதமொருமுறை கிளினிக் போனால் அன்றைய சம்பளமும் இல்லை, அந்த மாத வரவுப்பணமும் இல்லை. "ஒரு நாள் கிளினிக்குக்கு ரெண்டு தண்டனை" என்றார். கிளினிக்கை விட்டார். நோ தாங்காமல் போனபோது மூன்று கிழமை வேலைக்குப் போக முடியவில்லை. ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் இருபது நாளை இழந்தார். கிளினிக் துண்டு காட்டினால் வரவுப்பணத்தை வெட்டுவதில்லை என்று ஒரு விதி இருந்திருந்தால், அதுவே அவருக்கு நலத் திட்டம். மலையில் ஒரு மலசலகூடமும் குடிதண்ணீரும் அந்தத் தோட்டத்து அக்காவுக்கு நலத் திட்டம்.

நாம் செய்யக்கூடியது

திரும்பி வந்த பின் எங்கள் சங்கத்தில் மூன்று தீர்மானம் எடுத்தோம். முதலாவது, எல்லோரும் ஹீமோகுளோபின் பரிசோதித்துக்கொள்வது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. முப்பத்தைந்து வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றையும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பதையும் விட்டோம். தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் போதும். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுவது நல்லது.

இரண்டாவது, கிளினிக் நாளுக்கு வரவுப்பணம் வெட்டக்கூடாது என்று தொழிற்சாலைப் பெண்கள் எல்லோரும் ஒப்பமிட்டு ஒரு கடிதம் கொடுப்பது. கொடுத்துவிட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. கொடுத்தவர்கள் வேலையில்தான் இருக்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன், உங்களில் சிலர் அதற்குத்தான் பயப்படுவீர்கள்.

மூன்றாவது, சம்பளச் சிட்டை, கிளினிக் கொப்பி, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வைப்பது. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். கடதாசியைக் காப்பாற்ற எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் அம்மாவுக்கு இப்போது மற்றக் கண்ணிலும் புரை வருகிறது. அவர் வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டதால் இந்த முறை அந்த உதவி கிடைக்காது, நான்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எங்கள் சங்கத்தில் அரிசி ஆலையில் வேலை செய்யும் ஓர் அக்காவுக்கும் கண் மங்குகிறது. அவருடைய விண்ணப்பத்தைப் போன கிழமை நாங்கள் சேர்ந்து நிரப்பினோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் சம்பளச் சிட்டையைக் கொண்டு வாருங்கள், சகோதரிகளே. ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.