பழைய ரீலும் அதன் கடிவாளமும்

தூண்டில் ரீல் வாங்குகிறவர்கள் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பார்கள், பளபளப்பைப் பார்ப்பார்கள். ஸ்பூலின் தலையில் இருக்கும் சின்னத் திருகை யாரும் கவனிப்பதில்லை. மணக்குடிப் பொழிமுகத்திலோ முட்டம் பாறையிலோ ஒரு நல்ல பாரை கொத்தும்போது நம்மைக் காப்பாற்றுவது அந்தத் திருகுதான்.

என்னிடம் இருப்பது மிச்செல் 300. பிரான்சில், கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன க்ளூஸ் என்ற ஊரில் செய்தது. மறைந்த என் அத்தான் கொண்டுவந்து தந்தார். நம்ம ஊர்ப் பையன்கள் 'டிராக்' என்பதைப் பிரெஞ்சில் 'ஃப்ரேன்' என்போம். பிரேக் என்று அர்த்தம். குதிரையின் கடிவாளத்துக்கும் அதே சொல்தான். பள்ளிக்கூடத்தில் படித்த அந்தச் சொல் ரீலைத் திறந்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. கடிவாளம் குதிரையை நிறுத்திவைப்பதற்கு மட்டுமல்ல, அளவாக ஓடவிடுவதற்கும்தான். கட்டுமரத்தில் தூண்டில் போடுகிறவர்கள் இதையே விரலால் செய்கிறார்கள். மீன் இழுத்தால் நரம்பை அளந்து விடுவார்கள்.

திருகுக்கு அடியில் உலோக வாஷரும் மெத்து வாஷரும் மாறி மாறி அடுக்கியிருக்கும். இவை ஒன்றோடொன்று உரசுவதுதான் பிரேக். உப்புக்காற்று பட்டுப் பழைய கிரீஸ் பிசினாகிவிட்டால் வாஷர்கள் ஒட்டிக்கொள்ளும். மீன் பாயும்போது முதலில் பிடித்து, பிறகு சட்டென்று விடும். அந்த ஒரு வெட்டில் நரம்பு அறும். வழுக்குப் பாறையில் நிற்கிறவனுக்கு நிலை தடுமாறினால் மீன் போவது மட்டுமல்ல நஷ்டம்.

வேலை பெரிதல்ல. கழற்றும்போதே வாஷர்களை வரிசை மாறாமல் ஒரு வெள்ளைத் துணியில் வையுங்கள். உலோக வாஷரை மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். ஃபெல்ட் இறுகிப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். டிராக்குக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

பிறகு நரம்பின் நுனியைத் தொங்குதராசுக் கொக்கியில் கட்டி இழுத்துப் பாருங்கள். 5 கிலோ தாங்கும் நரம்பு என்றால் 1¼ கிலோவில் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். முள் துள்ளாமல் நிற்க வேண்டும். இவ்வளவு குறைவாக வைப்பதற்குக் காரணம் உண்டு. நரம்பு ஓட ஓட ஸ்பூலில் சுற்றின் விட்டம் குறையும், இழுவை கூடும். விட்டம் பாதியானால் இழுவை இரட்டிப்பாகும்.

கடலிலிருந்து வந்ததும் திருகை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரில் மெல்லக் கழுவுங்கள். அப்போதுதான் வாஷருக்குள் தண்ணீர் இறங்காது. காய்ந்ததும் திருகைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் ஃபெல்ட் நசுங்கிச் செத்துப்போகும்.

"பாட்டா, புதுசு ஒண்ணு வாங்கிரலாம்" என்கிறான் பேரன். வாங்கலாம். ஆனால் அத்தான் கையால் தந்த பொருள் இது ஒன்றுதான் மிச்சம். என் விரல்கள் இப்போது மடங்க மறுக்கின்றன. வாஷர் எடுப்பதற்கே இடுக்கி வேண்டியிருக்கிறது. அதனால் போன வாரம் அவனையே பக்கத்தில் உட்காரவைத்துக் கழற்றச் சொன்னேன். முதல் தடவை வரிசையை மாற்றிவிட்டான். இரண்டாம் தடவை சரியாகப் போட்டான். தராசு முள் துள்ளவில்லை.

ரீல் இப்போது அவன் அலமாரியில் இருக்கிறது, திருகு தளர்த்தியபடி.